துபாஷி முதல் ஆப் வரை

ஒரு ஊருக்குப் புதிதாக வந்து இறங்குகிறவருக்கு மூன்று விஷயங்கள் தெரியாது: பாஷை, விலை, விலாசம். இந்த மூன்றும் தெரியாத ஒருவர் வண்டி பிடிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். இன்றைக்குச் சென்னைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் கைப்பேசியை எடுத்து, ஒரு ஆப்பைத் திறந்து, வண்டியை வரவழைக்கப் பார்க்கிறார். இது நேற்று முளைத்த புதுமை என்று பேசிக்கொள்கிறோம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் இதை அன்றாடம் பார்க்கிற எனக்கு நினைவுக்கு வருவதோ 280 வருஷத்துக்கு முந்தைய புதுச்சேரி.

நான் பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு மீடியம். பிறகு சர்க்கார் உத்தியோகம் கிடைத்துச் சென்னைக்கு வந்து, முப்பத்துச் சொச்சம் வருஷம் குமாஸ்தாவாகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது மந்தைவெளியில் ஓய்வாக இருக்கிறேன். எந்த விவகாரத்தையும் பழைய ஃபைலிலிருந்து ஆரம்பிப்பது எங்கள் பழக்கம். அப்படியே ஆரம்பிக்கிறேன்.

துபாஷி என்கிற நடு ஆள்

கப்பலில் வந்து இறங்கிய ஐரோப்பியருக்கு இந்தக் கரையில் எதுவுமே புரியாது. அவருக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். இரண்டு பாஷை தெரிந்தவர் என்பதால் அவருக்கு துபாஷி என்று பெயர். 1639 ஆகஸ்ட் 22 என்று நாம் சென்னை தினம் கொண்டாடுகிறோமே, அந்த மானியம் கிடைக்க பிரான்சிஸ் டேவுக்குப் பக்கத்தில் நின்றவராகச் சொல்லப்படும் பேரி திம்மப்பாவும் ஒரு துபாஷிதான். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமை துபாஷிக்கு ‘குர்த்தியே’ என்று பட்டம். பிரெஞ்சில் அதற்கு நேர் அர்த்தம் தரகர். 1746 வரை கனகராய முதலியார் அந்தப் பதவியில் இருந்தார். அவருக்குப் பின் துய்ப்ளேக்ஸ் காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை வந்தார். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்பை, பின்னாளில் சென்னை அரசாங்கம் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது.

துபாஷி என்றால் ஏதோ சபையில் நின்று மொழிபெயர்க்கிறவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் கப்பலிலிருந்து இறங்கும் இளம் கம்பெனி உத்தியோகஸ்தனுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, வேலையாள் அமர்த்துவது, கைச்செலவுக்குக் கடன் கொடுப்பது, ஊருக்குள் போக வரப் பல்லக்கு ஏற்பாடு செய்வது எல்லாமே துபாஷிதான். அன்றைய வாடகை வண்டி பல்லக்கு. அதைத் தூக்குகிறவர்களுக்குப் போயி என்று பெயர். வெள்ளைக்காரன் அந்தச் சொல்லைத் தன் பாஷையின் ‘பாய்’ என்று எடுத்துக்கொண்டு, அறுபது வயது ஆளையும் பையன் என்று கூப்பிட்டான்.

இந்த ஏற்பாட்டில் கணக்கு எப்படி நடந்தது என்று பாருங்கள். பல்லக்கில் உட்கார்ந்தவருக்குக் கூலி எவ்வளவு என்று தெரியாது. தூக்குகிறவருக்கு, துரை எவ்வளவு கொடுத்தார் என்று தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நடுவில் இருந்தவர். அவர் எடுத்துக்கொள்ளும் பங்குக்கு தஸ்தூரி என்று பெயர். வழக்கமாக வருவது என்று பொருள். யாரும் ஒப்பந்தம் எழுதவில்லை. வழக்கம்தான் ஒப்பந்தம். தோள் போயியுடையது, தஸ்தூரி துபாஷியுடையது. இந்த நடு இடம் எவ்வளவு செல்வாக்கானது என்பதற்குச் சென்னையில் அவதானம் பாப்பையா ஒரு உதாரணம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி அதிகாரிகளையே ஆட்டி வைத்துவிட்டு, சதி வழக்கில் சிக்கினார். சூளையில் அவர் பெயரில் இன்னும் தெரு இருக்கிறது.

துபாஷி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் இல்லாவிட்டால் புதிதாக வந்தவர் கடற்கரை மணலிலேயே நின்றிருப்பார். பாஷை, விலை, விலாசம் மூன்றையும் அவர் ஒருவரே வைத்திருந்தார் என்பதுதான் விஷயம்.

விலையைப் பொதுவில் வைத்தவர்கள்

இந்த மூன்றில் விலையை நடு ஆளின் கையிலிருந்து எடுத்துப் பொதுவில் வைக்க முடியும் என்று காட்டியதில் பாரிசுக்கு ஒரு பங்கு உண்டு. அந்த ஊரில் 1640 வாக்கில் நிக்கோலா சோவாஜ் என்பவர் குதிரை வண்டிகளை வாடகைக்கு விட்டார். அவர் வண்டி நிறுத்திய இடம் சேன் ஃபியாக்ர் பெயர் கொண்ட விடுதி. அதனால் பிரெஞ்சில் வாடகைக் குதிரை வண்டிக்கே ‘ஃபியாக்ர்’ என்று பெயர் வந்தது. 1662-ல் கணித மேதை பாஸ்கல் இன்னொன்று செய்தார். குறிப்பிட்ட பாதை, குறிப்பிட்ட கட்டணம், யார் ஏறினாலும் ஐந்து சூ. பேரம் கிடையாது, ஊர் தெரிந்தவரா தெரியாதவரா என்ற கேள்வி கிடையாது. உலகத்து டவுன் பஸ்களுக்கு அதைத்தான் மூதாதை என்பார்கள். ஆனால் சிப்பாய்களும் வேலைக்காரர்களும் அதில் ஏறக் கூடாது என்று பாரிஸ் பார்லெமாங் தடை போட்டது. விலையைப் பொதுவாக்கிய முதல் நாளே, யார் ஏறலாம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1891-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் புரூன் என்பவர் ஓடிய தூரத்துக்குக் கட்டணம் காட்டும் கருவியைச் செய்தார். பிரெஞ்சில் அது ‘தாக்சிமேத்ர்’. அதைப் பாதியாக வெட்டியதுதான் டாக்சி. 1914 செப்டம்பரில் ஜெர்மன் படை பாரிசை நெருங்கியபோது, ஏறக்குறைய 600 டாக்சிகள் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு மார்ன் போர்முனைக்குப் போன கதையை எங்கள் பள்ளிக்கூடத்தில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லித் தருவார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், மீட்டர் ஓடியது என்பது. போர் முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லாமல், பிரெஞ்சு அரசு 70,012 ஃபிராங்க் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. ஒரு குமாஸ்தாவின் மனசுக்கு அதுதான் வீரம்.

நம் பக்கம் வருவோம். சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. அதில் பேரம் இல்லை. ஜட்கா வண்டிகளுக்கு 1911-லேயே வாடகை வண்டிச் சட்டம் வந்தது. எங்கள் புதுச்சேரியில் ‘பூஸ் பூஸ்’ என்று ஒரு வண்டி இருந்தது. பின்னாலிருந்து ஆட்கள் தள்ளுவார்கள், உட்கார்ந்திருக்கும் துரை முன்னால் கம்பியைப் பிடித்துத் திருப்புவார். சென்னையில் மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷா இருந்தது. 1973-ல் கலைஞர் ஆட்சி அதை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. பிறகு ஆட்டோ, ஆட்டோவில் மீட்டர்.

மீட்டர் இருந்தது, ஓடவில்லை. ‘மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க சார்’ என்பது சென்னையின் அடையாள வாக்கியமாகவே ஆனது. பிறகு மீட்டர் என்ற பேச்சே போய், வாயில் வருவது விலை என்று ஆயிற்று. இதற்கு ஆட்டோக்காரர்களைத் திட்டித் தீர்ப்பது நம் வழக்கம். ஃபைலைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. 2007-ல் அரசு வைத்த கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 6 ரூபாய். அடுத்த திருத்தம் 2013 ஆகஸ்டில்தான் வந்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு 12 ரூபாய். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. பெட்ரோல் விலை கிடக்குமா? கடைசியில் 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என்று அறிவித்தன. திருத்தாமல் விட்ட கட்டணம் கட்டணமே இல்லை. அரசு எழுதாத இடத்தில் வேறு யாராவது எழுதுவார்கள்.

பாரிசில் வண்டி கிடைக்காத இரண்டு பேர்

அப்படி எழுத வந்தவர்களில் பெரிய ஆள் ஊபர். அந்தக் கம்பெனி தன் பிறப்பைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையும் ஒரு வெளியூர்க்காரர் கதைதான். 2008 டிசம்பரில் ஒரு மாநாட்டுக்காகப் பாரிசுக்கு வந்த டிராவிஸ் கலானிக், காரெட் கேம்ப் என்ற இரண்டு பேருக்கு ராத்திரியில் டாக்சி கிடைக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் வண்டி வர வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்ததாம். 2009-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கம்பெனி ஆரம்பமானது. இங்கே 2010 டிசம்பரில் ஓலா. 2013-ல் ஊபர் பெங்களூரு வழியாக இந்தியாவுக்குள் வந்தது.

வெளிநாட்டுக்காரருக்கு அது எவ்வளவு சௌகரியம் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். என் பெண் கொஞ்ச காலம் பாரிசில் வேலையாக இருந்தபோது போயிருந்தேன். அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். போக வேண்டிய இடத்தை எழுதினேன், விலை வந்தது, வண்டி வந்தது, இறங்கினேன். வாய் திறக்கவே வேண்டியதில்லை. எனக்கோ பிரெஞ்சு தெரியும். பேசிப் பார்க்க ஆசை. அல்ஜீரியா பூர்வீகமான அந்த டிரைவர் நான் பேசிய இலக்கண பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தன் தாத்தாவும் இப்படித்தான் பேசுவார் என்றார். பாஷை, விலை, விலாசம் மூன்றும் தெரியாத ஒரு ஆளும் அன்று என்னைப் போலவே சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஆனால் திரும்பி வந்து யோசித்தபோது, அங்கே அந்த ஆப் செய்தது பாதி வேலைதான் என்று புரிந்தது. மீதியை வேறு யாரோ எப்போதோ செய்து வைத்திருந்தார்கள். பாரிசில் வீட்டு எண்கள் 1805-ல் வந்த உத்தரவின்படி ஒழுங்கானவை. சேன் நதியிலிருந்து விலகிப் போகும் தெருவில் எண் நதிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். நதிக்கு இணையான தெருவில் நீரோட்டத்தின் திசையில் ஏறும். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம். மூலைக்கு மூலை நீலப் பலகை. நெப்போலியன் காலத்து குமாஸ்தாக்கள் எழுதி வைத்ததன் மேல்தான் இன்றைய மேப் உட்கார்ந்திருக்கிறது. விலையிலும் அப்படியே. 2016 மார்ச் முதல் பாரிஸ் விமான நிலையங்களிலிருந்து ஊருக்குள் டாக்சிக்கு நிலையான கட்டணம் வைத்துவிட்டார்கள். அப்போது ருவாசி விமான நிலையத்திலிருந்து நதியின் வலக்கரைக்கு 50 யூரோ, இடக்கரைக்கு 55. புதிதாக வந்தவர் ஆப் இல்லாமலேயே தலை நிமிர்ந்து டாக்சியில் ஏறலாம்.

அதே ஆப் லஸ் முனையில்

இப்போது அதே பொத்தானை மயிலாப்பூரில் அழுத்திப் பாருங்கள். மூன்றாவது நிமிஷம் போன் அடிக்கும். ‘எங்க சார் நிக்கிறீங்க? எங்க போகணும்? கேஷா, ஜிபேவா?’ பேசாமல் பயணம் செய்யலாம் என்று வந்த பொருள், இங்கே பேச்சில்தான் ஆரம்பிக்கிறது. தமிழ் தெரியாதவர் இந்த மூன்று கேள்வியில் திணறுவதற்குள் வண்டி கேன்சல் ஆகிவிடும். டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. லஸ்ஸிலும் ஆர்.கே. மடம் சாலையிலும் மெட்ரோவுக்காகத் தோண்டிய பிறகு, எது ஒருவழி, எது அடைப்பு என்று மேப்புக்கே நிச்சயமில்லை. கேட்காமல் வந்தால் அவர் எதிர்ப்பக்கத்தில் நிற்பார்.

விலாசம் என்றால் நம் ஊரில் பழைய எண், புதிய எண் என்று ஒரு வீட்டுக்கு இரண்டு எண். தெருவுக்கு இரண்டு பெயர். மவுப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆகிவிட்டது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. ஆனால் அதே எலியட்டின் பெயர் பெசன்ட் நகர் கடற்கரைக்கு இன்னும் இருக்கிறது. அடையாறில் எல்.பி. ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும். அது லாட்டிஸ் பிரிட்ஜ் ரோடு என்று விரித்துச் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். தி.நகரில் பாண்டி பஜார் என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதற்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட பிரெஞ்சுக்காரர் உண்டு. அது சௌந்தரபாண்டியனார் அங்காடி, சாலைக்குப் பெயர் தியாகராயர் பெயர் என்று விளக்கினேன். லஸ் என்ற பெயரோ 1516-ஆம் வருஷத்துப் போர்த்துக்கீசிய மாதா கோயிலிலிருந்து வந்தது. இதெல்லாம் நமக்கு ருசியான சரித்திரம். சூட்கேசோடு வெயிலில் நிற்கிறவருக்கு அது கஷ்ட காலம்.

பணம் கொடுப்பதில்தான் பெரிய திருப்பம். கார்டை ஒரு தடவை பதிந்துவிட்டால் இறங்கும்போது தானாகக் கழித்துக்கொள்ளும் என்பதுதான் ஊபரின் ஆதி சௌகரியம். கார்டு பணத்துக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்ற விதி இவர்களுக்கும் உண்டு என்று 2014-ல் ரிசர்வ் வங்கி அழுத்திச் சொன்னது. நம் ஜனங்களோ கையில் காசு கொடுத்துப் பழகியவர்கள். 2015 மே மாதம் ஹைதராபாத்தில் ஊபர் ரொக்கம் வாங்கிப் பார்த்தது. அமெரிக்காவில் பிறந்த ஆப் இந்திய வழக்கத்தைக் கற்றுக்கொண்டது. 2016-ல் யூ.பி.ஐ. வந்தது, பூக்காரம்மாவிடமும் கியூ.ஆர். அட்டை வந்தது. 2025 பிப்ரவரி முதல் இந்தியாவில் ஊபர் ஆட்டோவுக்கு டிரைவர் கையில் ரொக்கமோ யூ.பி.ஐ.யோ நேராகக் கொடுத்துவிட வேண்டும். பாரிஸ் கார்டு அங்கே செல்லாது.

வேடிக்கை என்னவென்றால், 2024 பிப்ரவரியில் ஈஃபல் கோபுரத்து டிக்கெட்டுக்கு யூ.பி.ஐ. வந்துவிட்டது. மயிலாப்பூர்க்காரர் இந்திய வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு பாரிசில் கோபுரம் ஏறலாம். பாரிஸ்காரர் தன் கார்டை வைத்துக்கொண்டு கபாலி கோயில் குளத்திலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் போக முடியாது. வெளிநாட்டுப் பயணிகளுக்கும் யூ.பி.ஐ. என்று 2023-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பணத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும், அடையாளம் காட்ட வேண்டும். வழி இல்லை என்று சொல்ல முடியாது. வந்து இறங்கிய ராத்திரிக்கு உதவுகிற வழி இல்லை.

யார் வெளிநாட்டுக்காரர்?

வெளிநாட்டுக்காரர் என்றதும் தொப்பி போட்ட வெள்ளைக்காரரை நினைத்துக்கொள்கிறோம். தியசாபிகல் சொசைட்டிக்கும் கலாக்ஷேத்ராவுக்கும் டிசம்பர் கச்சேரிக்கும் வருகிறவர்கள் அப்படி இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் நான் அதிகம் பார்ப்பது வைத்தியத்துக்கு வருகிறவர்களை: வங்கதேசத்துக் குடும்பங்கள், மாலத்தீவுக்காரர்கள், இலங்கைத் தமிழர்கள். கூடவே எங்கள் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்படைப்பு சட்டப்படி முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர் என்று ஆனது. அவர்களும் பிள்ளைகளும் இப்போது பாரிசிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறார்கள்.

என் சித்தப்பா மகன் அப்படிப் போனவன். சில வருஷத்துக்கு முன் மனைவியின் வைத்தியத்துக்காக வந்து தி.நகரில் அறை எடுத்திருந்தான். மனைவி அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில். ராத்திரி பத்தரைக்கு அங்கிருந்து போன்: உடனே வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவன் ஒரு ஆப்பைத் திறந்தான். கார்டை ஏற்கவில்லை. ரொக்கம் என்று மாற்றினான். வண்டி வந்தது, டிரைவரின் அழைப்பு அவனுடைய பிரெஞ்சு நம்பருக்கு வரவில்லை, கேன்சல். இன்னொன்று, அதுவும் கேன்சல். மூன்றாவதும் அப்படியே. எனக்குப் போன் செய்தான். ‘அண்ணே, நான் தமிழ்ல பேசத் தயாராத்தான் இருக்கேன். என் போன்தான் பிரெஞ்சு பேசுது’ என்றான். குரல் நடுங்கியது.

தெருமுனை ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னேன். அங்கே இருந்த ஆட்டோக்காரர், ‘ஆஸ்பத்திரின்றீங்க, ஏறுங்க சார், அப்புறம் பேசிக்கலாம்’ என்று கொண்டுபோய் விட்டுவிட்டு, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த நேரத்துக்கு அது நியாயம். கையெழுத்து நேரத்துக்கு விழுந்தது, அவன் மனைவி பிழைத்தாள்.

முகம் தமிழ், பேச்சு தமிழ், பிறந்த ஊர் நூற்றைம்பது கிலோமீட்டர். ஆனால் போன் நம்பரும் வங்கியும் வெளிநாடு. ஆப்பைப் பொறுத்தவரை அவன் அந்நியன். பாஷை தெரிந்தவனுக்கும் கதவு திறக்கவில்லை. பாஸ்கலின் வண்டியில் சிப்பாய் ஏறக் கூடாது என்று பார்லெமாங் சொன்னது போல, இங்கே யாரும் தடை எழுதவில்லை. ஆனாலும் ஏற முடியவில்லை. மூன்று இல்லாமைகளோடு நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: இந்த ஊர் நம்பர்.

துபாஷி யார் பக்கம்?

நான் தரகர்தான், வண்டி ஓட்டுவது என் தொழில் இல்லை என்பது இந்தக் கம்பெனிகளின் நெடுநாள் வாதம். குர்த்தியேவின் வாதமும் அதுதானே! ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பர் 20-ல், பார்சலோனா டாக்சிக்காரர்கள் போட்ட வழக்கில், ஊபர் வெறும் நடு ஆள் அல்ல, அது செய்வது போக்குவரத்துச் சேவை என்றது. பிரான்சின் உச்ச நீதிமன்றமான கூர் த கசாசியோன் 2020 மார்ச் 4-ல், தன் முன் வந்த டிரைவர் கம்பெனிக்குக் கட்டுப்பட்ட ஊழியரே என்றது. இந்தியாவில் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, இவர்களுக்கு அக்ரிகேட்டர் என்று பெயர் வைத்தார்கள். 2020 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், சொந்த வண்டி ஓட்டும் டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போக வேண்டும் என்றன. தஸ்தூரிக்கு முதல் தடவையாக ஒரு உச்சவரம்பு.

அதற்குப் பிறகு ஆட்டோக்களில் தஸ்தூரியே வேண்டாம், சந்தா கட்டினால் போதும் என்று புது முறை வந்தது. 2024-ல் சென்னைக்கு வந்த நம்ம யாத்ரி அந்த வழியில் வந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். டிரைவருக்கு இது நல்லது, மறுக்க முடியாது. ஆனால் கம்பெனி சந்தாவை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கும்போது, விலை மறுபடியும் இரண்டு பேருக்கு நடுவில் வந்து விழுகிறது. ‘ஆப்ல காட்டுறதுக்கு மேல முப்பது ரூபா போட்டுக் குடுங்க சார்.’ மீட்டர் போய் ஆப் வந்தது; வாக்கியம் மாறவில்லை. ஊர்க்காரர் சமாளித்துக்கொள்வார். பாஷை தெரியாதவர் 1750-ல் நின்ற அதே இடத்தில் நிற்கிறார். இப்போது துபாஷியும் பக்கத்தில் இல்லை.

ஆப்பைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் தனியாக வரும் பெண்ணுக்கு, வண்டி எண்ணும் பாதையும் இன்னொருவருக்குத் தெரியும் என்பது பெரிய தைரியம். அதை எந்தத் துபாஷியும் கொடுத்ததில்லை. ஆனால் புதிதாக வந்தவரைக் காப்பாற்றுவது ஆப் ஒன்றுதான் என்று நம்பிவிட்டு, ஊர் செய்ய வேண்டியதை ஊர் விட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு ஒரே எண், தெருமுனையில் படிக்கிற மாதிரி பலகை, ஒவ்வொரு வருஷமும் திருத்தப்படும் மீட்டர் கட்டணம், ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் முன்பணக் கவுண்டர். இவற்றில் எதற்கும் ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். பெரும்பாலும் குமாஸ்தா வேலைதான். விமான நிலையத்துக்கு 2016 முதல் மெட்ரோ ஓடுகிறதே, அதில் கொரியாக்காரரும் கொடுங்கையூர்க்காரரும் ஒரே கட்டணம் கொடுத்து, யாரிடமும் கெஞ்சாமல் போகிறார்கள். இரண்டு பக்கமும் தஸ்தூரி வாங்காத துபாஷி என்றால் அது இப்படிப் பொதுவில் எழுதி வைத்த கட்டணம்தான்.

அது வரும்வரை நாம்தான் துபாஷி. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரரோ சிநேகிதரோ வந்தால், முதல் நாளே ஒரு உள்ளூர் சிம் வாங்கிக் கொடுங்கள். அது கைக்கு வரும்வரை வண்டியை உங்கள் போனில் பதிவு செய்து, டிரைவரிடம் நீங்களே பேசிவிடுங்கள். தங்கும் இடத்தின் விலாசத்தைப் பழைய எண், புதிய எண், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது மருந்துக்கடையோடு தமிழில் ஒரு சீட்டில் எழுதி அவர்கள் பையில் வையுங்கள். கொஞ்சம் ஐம்பதும் நூறுமாகச் சில்லறையும் அதோடு இருக்கட்டும். என் சித்தப்பா மகன் இந்த டிசம்பரிலும் வருகிறான். சீட்டு எழுதி வைத்துவிட்டேன்.